வனுவாட்டு கேட்ட இரண்டு கேள்விகள்: ஒரு சிறு நாட்டின் ராஜதந்திரம்

1991-இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் வரைவு பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, சிறு தீவு நாடுகளின் கூட்டணி சார்பாக, தென் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு ஒரு யோசனை சொன்னது. கடல்மட்டம் உயர்ந்து தாழ்வான நாடுகளுக்கு இழப்பு வந்தால் அதை ஈடுகட்ட ஒரு சர்வதேசக் காப்பீட்டு நிதி வேண்டும். தொழில்வள நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தையும் கரியமில வாயு வெளியேற்றத்தையும் பொறுத்து அதற்குப் பணம் கட்ட வேண்டும். யார் எவ்வளவு கட்டுவது என்று கணக்கிடும் முறைகூட அந்த யோசனையில் இருந்தது. மறு ஆண்டு உடன்படிக்கை வெளிவந்தபோது அதில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். 4-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவைத் தேடிப் படித்தால், நிதிக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடுவே ‘காப்பீடு’ என்று வந்து போகும்.

காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2022-இல், எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில். 31 ஆண்டுகள் போய்விட்டன. அடுத்த ஆண்டு துபாய் மாநாட்டில் அந்த நிதிக்குத் தொடக்கமாகக் கிடைத்த வாக்குறுதிகள் சுமார் 70 கோடி டாலர். 2015 மார்ச்சில் அடித்த பாம் புயல் மட்டும் வனுவாட்டில் ஏற்படுத்திய இழப்பு சுமார் 45 கோடி டாலர். அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் அது ஏறக்குறைய 64 சதவீதம். உலகம் முழுவதற்குமான தொகையையும் ஒரு நாட்டின் ஒரு புயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வனுவாட்டு ஏன் வேறு வாசலைத் தட்டியது என்பது புரியும்.

தட்டிய வாசல் தி ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம். 2025 ஜூலை 23 அன்று அதன் 15 நீதிபதிகளும், காலநிலையைக் காப்பதில் நாடுகளின் கடமைகள் என்ன என்று ஒருமனதாகத் தந்த ஆலோசனைக் கருத்து பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே என் கவனம் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில்தான். பதில் எப்படி வந்தது என்பதைவிட, கேள்வியை எப்படி எழுதினார்கள், யாரைக் கூட வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி இருக்கிறது.

இரண்டு எஜமானர்கள் இருந்த நாடு

ஏறக்குறைய 80 தீவுகள், மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள், எஃபாட்டே தீவில் தலைநகர் போர்ட் விலா. 1906 முதல் 1980 வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட இடம். அப்போது பெயர் நியூ ஹெப்ரைட்ஸ். இரண்டு நிர்வாகம், இரண்டு போலீஸ், இரண்டு சட்டம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கூட்டு நீதிமன்றம் இருந்தது. அதன் தலைவரை நியமித்தவர், கேட்டால் சிரிப்பு வரும், ஸ்பெயின் மன்னர். ‘காண்டோமினியம்’ என்ற அந்த இரட்டை ஆட்சியை ‘பாண்டிமோனியம்’ என்று கேலி செய்தார்கள். அதாவது ஒரே களேபரம்.

1980 ஜூலை 30-இல் விடுதலை. முதல் பிரதமர் வால்டர் லினி ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார். அணிசேரா இயக்கத்தில் சேர்ந்தது, அணு ஆயுதங்களை எதிர்த்தது, நியூ கலிடோனியாவின் கனாக் மக்களுக்காகவும் மேற்கு பப்புவாவுக்காகவும் குரல் கொடுத்தது என்று, அளவுக்கு மீறிப் பேசும் சிறு நாடு என்ற பெயரை வனுவாட்டு அப்போதே வாங்கிவிட்டது. 2019-இல் அது நீதிமன்ற யோசனையைக் கையில் எடுத்தபோது பசிபிக்கில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் வழக்கு இல்லை, ஏன் கருத்து

காலநிலை மாநாடுகளில் முடிவுகள் ஒருமித்த சம்மதத்தோடுதான் எடுக்கப்படும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அதன் பொருள், எண்ணெய் விற்கும் ஒரு நாடு தலையசைக்கவில்லை என்றால் மூழ்கும் நாட்டின் வாசகம் வரைவிலிருந்து வெளியேறும் என்பதுதான். 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவில் இழப்பும் சேதமும் இடம்பெற்றதைத் தீவு நாடுகள் வெற்றியாகக் கொண்டாடின. ஆனால் ஒப்பந்தத்தோடு சேர்ந்து நிறைவேறிய மாநாட்டு முடிவின் 51-ஆம் பத்தி, அந்தப் பிரிவு எந்தப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று சொல்லிவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை அதே நாளில் வாங்கிக்கொண்டது.

சரி, நேராக வழக்குப் போட்டால் என்ன? இரண்டு தடைகள். சர்வதேச நீதிமன்றத்தில் ஒரு நாட்டின் மீது வழக்கு நடக்க அந்த நாட்டின் சம்மதம் ஏதாவது ஒரு வடிவில் இருக்க வேண்டும். அமெரிக்கா தன் பொதுச் சம்மதத்தை 1980-களிலேயே திரும்பப் பெற்றுவிட்டது. சீனாவும் அப்படி ஒரு சம்மதம் தந்து வைத்திருக்கவில்லை. இரண்டாவது தடையைச் சட்டப் புத்தகத்தில் தேட முடியாது. வனுவாட்டுக்கு அதிக உதவி தரும் நாடு ஆஸ்திரேலியா, அதே ஆஸ்திரேலியா உலகின் பெரிய நிலக்கரி ஏற்றுமதியாளர்களில் ஒன்று. புயலுக்கு மறுநாள் நிவாரணம் ஏற்றிக்கொண்டு வரும் கப்பலின் சொந்தக்காரர் மீது எப்படி வழக்குப் போடுவது?

ஐ.நா. சாசனத்தின் 96-ஆம் பிரிவு இந்த இரண்டையும் சுற்றிப் போக வழி விடுகிறது. எந்தச் சட்டக் கேள்வி பற்றியும் பொதுச்சபை நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். எதிராளி கிடையாது, யார் சம்மதமும் வேண்டாம், பொதுச்சபையில் பெரும்பான்மை இருந்தால் போதும். பதில் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது இதன் பலவீனம். ஆனால் 2019 பிப்ரவரியில்தான் பிரிட்டன் வசமிருந்த, இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகள் பற்றி மொரிஷியஸ் இதே வழியில் பிரிட்டனுக்கு எதிராக ஒரு கருத்தைப் பெற்றிருந்தது. கட்டுப்படுத்தாது என்று சொல்லிக்கொண்டே பிரிட்டன் பின்னால் பேச்சுக்கு வந்து, 2025 மே மாதம் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

காலநிலைக்காக இந்த வழியை முதலில் யோசித்தது வனுவாட்டு இல்லை. 2011-இல் பலாவ் அதிபர் ஜான்சன் டோரிபியோங் பொதுச்சபையில் இதே யோசனையை அறிவித்தார், மார்ஷல் தீவுகளும் கூட நின்றன. இரண்டும் அமெரிக்காவோடு தனி ஒப்பந்தத்தால் கட்டுண்ட நாடுகள். பெரிய நாடுகளின் எதிர்ப்புக்கு முன்னால் அந்த முயற்சி வாக்கெடுப்புவரைகூட வரவில்லை. நல்ல யோசனைதான், தாங்கிப் பிடிக்க ஆள் சேர்க்கவில்லை.

வகுப்பறையிலிருந்து

தென் பசிபிக் பல்கலைக்கழகத்தைப் பசிபிக்கின் 12 நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. அதன் சட்டப் பள்ளி இருப்பது போர்ட் விலாவில். 2019-இல் அங்கே சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், காலநிலை நீதிக்குச் சட்டத்தில் எந்த வழி பலமானது என்று அலசினார்கள். நீதிமன்றக் கருத்து என்ற முடிவுக்கு வந்து, ஓர் அமைப்பைத் தொடங்கி, பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியுஹியும் ஃபிஜியின் விஷால் பிரசாத்தும் பின்னால் அதன் முகங்களாக ஆனார்கள்.

கடிதத்தைக் கையில் எடுத்தவர் வனுவாட்டின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ரால்ஃப் ரெகன்வானு. 2019 ஆகஸ்டில் துவாலுவின் ஃபுனாஃபுட்டியில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றம் யோசனையை ‘கவனத்தில் கொண்டது’. மாநாட்டு மொழி தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்: நன்றி, போய் வாருங்கள். மன்றம் முழு மனதோடு ஆதரவு சொல்ல 2022 ஜூலைவரை ஆனது.

இடையில் கோவிட், புயல்கள், ஆட்சி மாற்றங்கள். வனுவாட்டு அரசியலில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் மழைக்காலம் மாதிரி, வராமல் இருக்காது. 2021 செப்டம்பரில் பிரதமர் பாப் லௌமன் அரசு முயற்சியை முறையாக அறிவித்ததிலிருந்து 2025 ஜூலைவரை அந்தப் பதவியில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ரெகன்வானுவே நடுவில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்துவிட்டு, காலநிலை அமைச்சராகத் திரும்பினார், பிறகு சிறப்புத் தூதர் ஆனார். இத்தனை நாற்காலி மாற்றத்திலும் இந்த ஒரு கோப்பு மட்டும் தூக்கியெறியப்படவில்லை. நியூயார்க்கில் தூதர் ஓடோ டெவி நெடுங்காலம் அதே இடத்தில் இருந்ததும், வாதத்தைத் தயாரித்த வழக்கறிஞர் குழு மாறாமல் இருந்ததும் இதற்கு உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். குழுவை நடத்திய ஜூலியன் அகுவோன் குவாம் தீவைச் சேர்ந்தவர். அமெரிக்க ஆளுகையில் இருப்பதால் ஐ.நா.வில் சொந்த இருக்கையே இல்லாத ஊர் அது.

கேள்வியை எழுதுவது

ஆலோசனைக் கருத்துக் கேட்பதில் ஒரு பழைய பாடம் உண்டு. அணு ஆயுதங்கள் சட்டப்படி சரியா என்று 1993-இல் உலகச் சுகாதார நிறுவனம் கேட்டது. அது உங்கள் வேலைக்குள் வராத விஷயம் என்று 1996-இல் நீதிமன்றம் பதில் தர மறுத்தது. அதே நாளில், பொதுச்சபை தனியாகக் கேட்டிருந்த அதே கேள்விக்குப் பதில் தந்தது. அந்தப் பதிலும் கடைசியில் இரண்டாகப் பிளந்து, 7-க்கு 7 என்று நின்று, தலைவரின் கூடுதல் வாக்கால் நிறைவேறியது. யார் கேட்கிறார்கள், எந்தச் சொற்களில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கிடைப்பது இருக்கும்.

வனுவாட்டின் வரைவில் இரண்டு கேள்விகள். மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களிலிருந்து காலநிலையைக் காக்க, இன்றைய தலைமுறைக்காகவும் வரப்போகும் தலைமுறைகளுக்காகவும், நாடுகளுக்குச் சர்வதேசச் சட்டத்தில் என்ன கடமைகள் இருக்கின்றன என்பது முதலாவது. தங்கள் செயலாலோ செயலின்மையாலோ காலநிலைக்குக் கணிசமான தீங்கு செய்த நாடுகளுக்குச் சட்ட விளைவுகள் என்ன என்பது இரண்டாவது.

இதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. இழப்பீடு என்ற சொல்லும் இல்லை. பாரிஸின் 51-ஆம் பத்தியை இழுத்துக்கொண்டு வரக்கூடிய எதுவும் இல்லை. ‘சட்ட விளைவுகள்’ என்று சாதுவாக ஒரு சொற்றொடர். ஆனால் நாடுகளின் பொறுப்பு பற்றிய சட்டம் படித்தவருக்கு, அந்தச் சொற்றொடரின் உள்ளே நிறுத்துவது, திரும்பச் செய்ய மாட்டேன் என்று உறுதி தருவது, சரிசெய்வது, ஈடு கொடுப்பது எல்லாமே அடங்கியிருப்பது தெரியும். பொட்டலத்தின் மேல் விலைச்சீட்டு ஒட்டாமல் கொடுத்தார்கள்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை கேள்விகளுக்கு முந்தைய முகப்பு வரிகளில். எந்தெந்தச் சட்டங்களை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல்: ஐ.நா. சாசனம், இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகள், கடல் சட்ட உடன்படிக்கை, காலநிலை உடன்படிக்கை, பாரிஸ் ஒப்பந்தம், உரிய கவனத்தோடு நடக்கும் கடமை, சுற்றுச்சூழலுக்குக் கணிசமான தீங்கைத் தடுக்கும் கோட்பாடு. பெரிய நாடுகள் பின்னால் என்ன வாதம் வைக்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. காலநிலைக்கென்று தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வெளியே வேறு சட்டம் தேட வேண்டாம் என்பார்கள். பட்டியலை ஒப்புக்கொண்டு தீர்மானத்தைக் கடக்க விட்டவர்கள் அந்த வாதத்தைப் பாதிப் பலத்தோடுதான் வைக்க முடியும்.

வரைவைத் தாங்கிய குழுவில் 18 நாடுகள். தீவு நாடுகளை மட்டும் சேர்த்திருந்தால் பலாவ் கதைதான் மறுபடி நடந்திருக்கும். பங்களாதேஷ், வியட்நாம், சிங்கப்பூர், உகாண்டா, மொசாம்பிக், மொராக்கோ, கோஸ்டாரிகா, நியூசிலாந்து, போர்ச்சுகல், ருமேனியா, லிக்டென்ஸ்டைன் என்று எந்தக் கண்டமும் இது எங்கள் விஷயம் இல்லை என்று சொல்ல முடியாத கலவை. ஜெர்மனியும் உள்ளே இருந்தது. பின்னால் விசாரணையில் ஜெர்மனி தீவுகள் விரும்பிய தூரம் வரவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 2022-இல் ஒரு பெரிய தொழில்நாடு குழுவுக்குள் இருந்ததால், ஏழை நாடுகள் பணக்கார நாடுகள் மீது போடும் வழக்கு என்று இதை ஒதுக்க முடியவில்லை.

2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு கடும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வனுவாட்டை அடித்தன. மார்ச் 29 அன்று பிரதமர் இஷ்மாயில் கல்சகாவ் பொதுச்சபையில் நின்றார். 77/276 எண் கொண்ட தீர்மானத்தை 130-க்கும் மேற்பட்ட நாடுகள் கூட்டாக முன்மொழிந்திருந்தன. அமெரிக்காவும் சீனாவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை, தீர்மானம் அப்படியே நிறைவேறியது. நீதிமன்றத்தைவிடப் பேச்சுவார்த்தையே நல்லது என்று அமெரிக்கா விளக்கம் மட்டும் சொல்லிக்கொண்டது. எதிர்த்து வாக்களித்த நாடு என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இந்தியா எந்தப் பக்கம்

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை தி ஹேக்கின் அமைதி மாளிகையில் வாய்மொழி விசாரணை. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் பேசின. அந்த நீதிமன்றம் அதுவரை கண்டிராத கூட்டம். முதலில் பேசியது வனுவாட்டு. காலநிலை மாற்றத்துக்குக் காரணமான நடத்தையே சட்டவிரோதம் என்று அறிவியுங்கள் என்பது அதன் கோரிக்கை.

எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, சீனா, இந்தியா. வேறு எதிலும் ஒரே வரிசையில் நிற்காதவர்கள், காலநிலை ஒப்பந்தங்களே போதும் என்பதில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசினார்கள்.

இந்தியாவின் நிலையை இவர்களோடு சேர்த்து எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. பாதிப்பை உண்டாக்கியவர்கள் வளர்ந்த நாடுகள், வளிமண்டலத்தில் தங்கள் பங்குக்கு மேல் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நிதியும் தொழில்நுட்பமும் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை, எல்லாருக்கும் ஒரே சுமை கூடாது என்று இந்தியா வாதிட்டது. இதில் எதையும் வனுவாட்டு மறுக்கவில்லை. வேறுபாடு அடுத்த அடியில்தான். ஒப்பந்தங்களுக்கு வெளியே புதுக் கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றது இந்தியா. ஒப்பந்தங்களில் வளரும் நாடுகளுக்கென்று போராடிப் பெற்ற சலுகைகள் எழுதப்பட்டிருக்கின்றன. பொதுச் சட்டத்துக்குப் போனால் அவை கரைந்துவிடுமோ என்ற பயம் புரிந்துகொள்ளக்கூடியது. கூடவே சொல்லாத ஒரு கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று ஆண்டு வெளியேற்றத்தில் உலகின் மூன்றாவது பெரிய நாடு இந்தியா. கடந்த காலத்துக்கு எழுதும் சட்டம் வருங்காலத்திலும் நிற்கும்.

‘வளரும் நாடுகள்’ என்று ஒரே பெயரில் 1960-களிலிருந்து ஐ.நா.வில் ஒன்றாக நிற்கும் 77 நாடுகள் குழுவுக்கு இது வசதியான காட்சி இல்லை. நிதி கேட்கும்போது ஒரே குழு, கடமை பற்றிப் பேசும்போது இரண்டு.

வனுவாட்டும் எல்லா விஷயத்திலும் நன்மாதிரி என்று சொல்ல வரவில்லை. பணம் கட்டினால் குடியுரிமை என்ற அதன் திட்டம் அரசின் வருமானத்தில் பெரும்பங்கு தருகிறது. அந்தத் திட்டத்தையே காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் வனுவாட்டுக் குடிமக்களின் விசா இல்லாப் பயண உரிமையை ரத்து செய்த முடிவு வந்ததும் இதே 2024 டிசம்பரில்தான். விசாரணை முடிந்து நான்காவது நாள், டிசம்பர் 17 அன்று, போர்ட் விலாவை 7.3 அளவு நிலநடுக்கம் உலுக்கியது.

கிடைத்ததும் கிடைக்காததும்

கருத்தை வாசித்தவர் நீதிமன்றத் தலைவர் இவாசாவா யூஜி. சிறப்பு ஒப்பந்தம் இருந்தால் பொதுச் சட்டம் ஒதுங்க வேண்டும் என்ற வாதம் தள்ளப்பட்டது. முகப்பு வரிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. ஒவ்வொரு நாடும் தன் உமிழ்வுக் குறைப்பு இலக்கைத் தன் விருப்பம்போல் எழுதிக்கொள்ள முடியாது, புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் வரம்போடு அது பொருந்த வேண்டும். காலநிலையைக் காக்கும் கடமை, ஒப்பந்தமாக எழுதாமலே நாடுகளின் வழக்கத்தால் சட்டமான வழக்காற்றுச் சட்டத்திலும் இருக்கிறது, அதனால் ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா இரண்டாம் முறை பாரிஸை விட்டு விலகுவதாக அறிவித்திருந்த சூழலில் இதன் கனம் தெரியும். புதைபடிவ எரிபொருள் உற்பத்தி, பயன்பாடு, புது ஆய்வு உரிமம், மானியம் ஆகியவற்றில் தகுந்த நடவடிக்கை எடுக்காமல் விடுவதும் சட்டமீறலாகலாம் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். நிலம் மூழ்கிப்போனாலும் ஒரு நாடு நாடாக இருப்பது அதனாலேயே முடிந்துவிடாது என்ற வரி, துவாலுவுக்கும் கிரிபாட்டிக்கும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக இருக்கலாம். அமெரிக்க, சீன, இந்திய நீதிபதிகள் உட்பட எல்லாரும் இதற்கு ஆதரவாக வாக்களித்திருக்கிறார்கள்.

கிடைக்காதவை அதே தாளில்தான் இருக்கின்றன. யார் சட்டத்தை மீறினார்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எந்த ஆண்டிலிருந்து கணக்கு என்றும் சொல்லவில்லை, இது சின்ன விடுபடல் இல்லை. தீங்குக்கும் ஒரு குறிப்பிட்ட நாட்டின் நடத்தைக்கும் இடையிலான தொடர்பை வழக்குக்கு வழக்கு நிறுவ வேண்டும் என்று விட்டுவிட்டது. நிறுவுவது முடியாத காரியம் இல்லை என்று சொன்னதே தீவுகளுக்குக் கிடைத்த ஆறுதல். பாம் புயலின் 45 கோடியில் ஒரு டாலர்கூட இதனால் திரும்பி வரவில்லை.

வனுவாட்டு இதற்கிடையில் மற்ற வாசல்களையும் விடவில்லை. 2022 செப்டம்பரில் பொதுச்சபையில் பேசிய அதிபர் நிகெனிகே வுரோபராவு, புதைபடிவ எரிபொருள் பரவலைத் தடுக்க ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கேட்ட முதல் நாடு வனுவாட்டுதான். 2024 செப்டம்பரில் ஃபிஜி, சமோவாவோடு சேர்ந்து, சுற்றுச்சூழல் பேரழிவைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் குற்றப் பட்டியலில் சேர்க்க முறையாக முன்மொழிந்தது. எல்லாம் நிறைவேறும் என்று அவர்களே நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கருத்து வந்த பிறகு ரெகன்வானு அறிவித்த அடுத்த வேலை, அதை மறுபடி பொதுச்சபைக்கு எடுத்துப்போய்ச் செயல்படுத்தத் தீர்மானம் கொண்டுவருவது. 2023-இல் நாடுகள் சம்மதித்தது ஒரு கேள்விக்கு. பதில் என்னவாக இருக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்துவிட அது ஒரு காரணமாக இருந்தது. இப்போது பதில் எல்லார் கையிலும் இருக்கிறது, ஆய்வு உரிமங்களும் மானியங்களும் பெயரோடு அதில் இருக்கின்றன. 18 நாடுகள் குழுவில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் அதே வரிசையில் வந்து உட்காருவார்கள் என்று வனுவாட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.